பத்து நாளைக்குத் தென்காசி

நெல் விலை விழுந்து கிடந்த வருஷம் அது. இலஞ்சி நிலக்காரர் நெல்லையப்ப பிள்ளை யோசித்துப் பார்த்து, வயலில் தென்னங்கன்று வைத்துவிட்டார். தென்னைக்கு நடவு வேண்டாம், அறுப்பு வேண்டாம், மாடக்கண்ணுவும் வேண்டாம். பதினாறு வருஷம் அந்த வயலைக் குத்தகைக்கு உழுதவர் மாடக்கண்ணு. கன்றுகளுக்குக் குழி தோண்டிக் கொடுத்ததும் அவர்தான்.

அவர் பெண்சாதி குருவம்மாள் தென்காசியில் புதிதாக வந்திருந்த ரைஸ் மில்லுக்குப் போனாள். அவித்த நெல்லைக் களத்தில் காலால் கிளறிக் காயவைக்கிற வேலை. ஒரு மாதம் நடந்தே போய்வந்தாள். பிறகு மில்லுக்குப் பின்னால் ஒரு வளவில் வீடு பிடித்தாள். ஒரே வரிசையில் எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே கிணறு.

மாடக்கண்ணு பத்து நாளைக்கு இருந்துவிட்டு வருவதாக ஊரில் எல்லாரிடமும் சொன்னார். வீட்டைப் பூட்டி, ஏர்மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போனார். மில்லில் அவற்றை வண்டியில் பூட்டி, ஸ்டேஷனுக்கு மூட்டை கொண்டுபோகச் சொன்னார்கள். மாடுகள் ஒன்றும் சொல்லவில்லை.

வந்த வாரமே அரிசி தீர்ந்தது. அதுவரை அவர் அரிசியை விலைக்கு வாங்கியதில்லை. பக்கத்துக் கடையை விட்டுவிட்டு, முகம் தெரியாத தெருவுக்குப் போய் வாங்கி, துண்டில் முடிந்து, சுற்றி வளைத்து வீடு வந்து சேர்ந்தார். வளவில் எட்டு வீட்டிலும் கடை அரிசிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முன்பெல்லாம் சாரல் விழுந்தால் நாற்றங்கால் ஞாபகம் வரும். இப்போது சாரல் விழுந்தால் மில் களம் மூடும். ஸ்டேஷனில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் இறங்குவார்கள். அவர்களுடைய பெட்டி படுக்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் பிள்ளையின் தென்னை நன்றாக வளர்ந்திருந்தது.

பதினோரு வருஷம் போனது. சண்டைக் காலத்தில் அரிசிக்கு ரேஷன் வந்தது. நெல்லுக்கு மதிப்பு ஏறியதும் பிள்ளையின் மகன் குத்தாலிங்கம் தென்னை வைக்காமல் மிச்சமிருந்த வயலுக்கு ஆள் தேடினார். உழத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மில்லிலும் மீதிப் பேர் பட்டாளத்திலும் இருந்தார்கள். மாடக்கண்ணுவுக்குச் சொல்லி அனுப்பினார்.

மாடக்கண்ணு செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வயலில் இறங்கினார். இரண்டு சுற்று உழுதார். சால் கோணவில்லை. கரையேறி வரப்பில் நடந்தபோதுதான் உள்ளங்கால் குத்தியது. வயலில் நின்ற பெண்கள் டவுன்காரருக்கு வழிவிடச் சொல்லித் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அவர் யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் கேட்டுச் சொல்லுதேன் என்று குத்தாலிங்கத்திடம் சொல்லிவிட்டு வந்தார். குருவம்மாள் அப்போது களத்தில் இருபது பெண்களுக்கு மேஸ்திரி.

"நீரு போறதுன்னா போம். நான் வரல," என்றாள்.

"நம்ம ஊருல்லா?"

"அங்கன அவுஹ வயல்ல நட்டேன். இங்கன இவுஹ களத்துல கிண்டுதேன். சங்கு ஊதினா இங்கன வேலை முடிஞ்சிரும். அங்கன என்னைக்கு முடிஞ்சிருக்கு?"

மாடக்கண்ணு இரண்டு நாள் ஸ்டேஷனுக்கு மூட்டை ஏற்றினார். மூன்றாம் நாள் வேறு ஆள் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, மாடுகளின் கழுத்தைச் சும்மா தடவிக்கொண்டு நின்றார். அவை பழைய மாடுகள்கூட இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மில்லுக்குத் தெற்கே ஒரு துண்டு மனை வாங்கினார்கள். இலஞ்சி வீட்டைப் பிரித்து, உத்தரத்தையும் கதவையும் அவரே வண்டியில் ஏற்றிவந்தார். கதவு புது நிலைக்கு நாலு விரற்கடை நீளமாக இருந்தது. தச்சர் அறுத்தார். மாடக்கண்ணு மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.