மல்லாட்டை என்றொரு ஜப்பான் சாமான்

எண்பதுகளின் பின்பாதியில் திண்டிவனத்தில் நான் கார் மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும் ஸ்பேனரால் ஒரு தட்டு, ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்னொரு தட்டு. என் வைத்தியம் அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருந்தவன் முன்னால்தான் கோட்டக்குப்பத்து பாய் தன் ஜப்பான் காரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

துபாயிலிருந்து கப்பலில் வந்த கார். அவர் ஊர்க் கடல் காற்றில் துரு பிடிக்குமென்று இங்கே சிநேகிதரின் மல்லாட்டைக் கிடங்கில் நிறுத்தி வைத்திருந்தார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். அன்று சாயங்காலம் அவர் தங்கையைப் பெண் பார்க்க, நாகூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்தில் ரயில் இறங்குகிறார்கள். ஏசி காரில் அழைத்துப்போவதாக பாய் அளந்து வைத்திருந்தார். வாடகைக் காரில் போய் நின்றால் சம்பந்தமே ஆட்டம் கண்டுவிடும் என்று நடுங்கினார்.

என்ஜின் இருமியது, செத்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. தட்டிப் பார்த்தேன். பிறகு, கடைக் கண்ணாடியில் என் மனைவி ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினேன்.

"நெத்தியில பொட்டு வெச்சா ஜுரம் போயிடுமாப்பா?" என்றார் பாய்.

துபாய் கேரேஜ் ஒன்றில் ஸ்டோர் பார்த்தவர் அவர். என்ஜின் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளை ஒயரால் இணைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். பொட்டைப் பிய்த்தேன். விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. எத்தனை அடிக்கிறதோ அதுதான் கோளாறின் நம்பராம். எண்ணச் சொன்னார், எண்ணினேன்.

"நாலு, பாய்."

"மூணு அடிச்சு மூச்சு வாங்கிக்கினு, அப்பால ஒண்ணு அடிக்குது. முப்பத்தொண்ணு. கணக்குல நீ எப்படி?"

"அதனாலதான் பாய் மெக்கானிக் ஆனேன்."

முப்பத்தொன்று என்றால், என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் பெட்டியில் கோளாறாம். திறந்தால் காற்று ஃபில்டரையே காணோம். பாய் அதைக் கழுவிக் கிடங்கு மாடியில் காயப்போட்டிருந்தார். ஃபில்டர் இல்லாத வழியாகக் கிடங்கு எலி குடிபுகுந்துவிட்டது. காற்று தள்ளினால் திறக்கிற குட்டிக் கதவு ஒன்று உள்ளே உண்டு. அதன் இடுக்கில் முழுசாக ஒரு மல்லாட்டை. சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மல்லாட்டையை எடுத்து, கிடங்கிலிருந்து ஃபில்டரைக் கொண்டுவந்து மாட்டி, பேட்டரி ஒயரைக் கழற்றிப் பூட்டியதும் என்ஜின் பூனை மாதிரி உறுமியது. விளக்கு அணைந்தது. மல்லாட்டையை உரித்துப் பார்த்தேன், பருப்பு நன்றாகவே இருந்தது. சாட்சியைத் தின்றுவிட்டேன்.

வழியில் மறுபடி நின்றால் தள்ள ஆள் வேண்டுமென்று பாய் என்னையும் ஏற்றிக்கொண்டார். விழுப்புரத்தில் ஏறிய மாப்பிள்ளையின் அப்பா, ஏசிக் குளிரில் சொக்கி, கிரீஸ் கையோடு இருந்த என்னைப் பார்த்து வண்டியில் என்ன ரிப்பேர் என்று கேட்டார்.

"மல்லாட்டைங்க. உள்ள மாட்டிக்கிச்சு."

அவர் ஊரில் அது வெறும் கடலை. புருவத்தைச் சுருக்கினார். "அந்த சாமான் இங்கே கிடைக்குதா?"

கண்ணாடியில் பாயின் கண்கள் என்னைக் கும்பிட்டன.

"திண்டிவனத்துல மூட்டை மூட்டையா கிடைக்கும்ங்க."

அவர் பின்னால் திரும்பி மனைவியிடம், "ஜப்பான் சாமான் மூட்டையா வருதாம். பெரிய இடந்தான்," என்றார். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

நிக்காஹ் அன்று பந்தலில் என்னைக் கண்டதும் மாப்பிள்ளையின் அப்பா, "தம்பி, மல்லாட்டை இப்ப நல்லா இருக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். வாய் நிறைய அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன்.