அறை எடுக்காதவள்

அந்தப் பகுதியில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. ஊசிக்காரம்மா, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு அழைப்புமணியை அழுத்தினால், "ஊசிக்காரம்மா வந்தாச்சு, இன்னும் தூங்கறீங்களே" என்று உள்ளே யாராவது யாரையாவது எழுப்புகிற சத்தம் கேட்கும். ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் அவளுக்கு வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குழாயில் பேர் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போக வேண்டும். ராசியான கை. நரம்பே அகப்படாத பெரியவர்கள்கூட, "அந்தப் பொண்ணையே அனுப்புங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று லேபுக்குப் போன் போட்டுச் சொல்வார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. நடுவில் இருக்கும் இந்த இரண்டு மணி நேரம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. வீட்டுக்குப் போய்வர முடியாது, பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். தெருவிலேயே நின்று கழிக்கலாம் என்றால் கால் கழன்று விழும். அதைவிடப் பெரிய தொல்லை, விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு பெண் ஒன்பது மணிக்கு எங்கே போய் ஒதுங்குவது என்பது. ரத்தம் எடுக்கத் தயங்காமல் கையை நீட்டுகிறவர்கள், "உங்க பாத்ரூம்..." என்று இழுத்ததும் கையை மடக்கிக்கொள்வார்கள். ஒரு வீட்டு அம்மாள், "தண்ணி வரலையேம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குறைத்துக் குறைத்து நீர்க்கடுப்பு வந்து, சொந்த லேபிலேயே ஒரு டப்பாவில் பிடித்துக் கொடுக்கும்படி ஆயிற்று.

தெருவில் நின்றபடி இதைக் கணவனிடம் போனில் சொன்னபோது, "பக்கத்துல பெரிய ஓட்டல் எதுவும் இல்லையா?" என்று கேட்டான்.

அவன் வேறொரு தேசத்தில் இருந்தான். அங்கே பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. நாளைக்குப் பதினாறு அறை. போய் இரண்டு வருஷம் முடிந்திருந்தது.

"இருக்கு. ஏழு மாடி. கண்ணாடிக் கதவு. அதுக்குள்ள என்னை விடுவாங்களா?"

"விடுவீங்களான்னு கேட்டா விடமாட்டாங்க. கேக்காம போ. வேகமாவும் போகாத, தயங்கியும் நிக்காத. வாசல்ல நிக்கறவரைப் பாத்து ஒரு சிரிப்பு. நேரா நட. ரிசப்ஷன் பக்கம் திரும்பிப் பாத்தியோ, போச்சு. பாத்ரூம் எங்கேனு தேடறவங்களைத்தான் நாங்க முதல்ல கண்டுபிடிப்போம்."

"எங்க இருக்குன்னு தெரியாம எப்படிங்க தேடாம இருக்கறது?"

"லிஃப்ட் இருக்கற பக்கம் போ. எல்லா ஓட்டல்லயும் அங்கதான் இருக்கும்."

அவன் சொன்னபடியே இருந்தது. முதல் நாள் வாசலில் நின்ற மீசைக்காரருக்குப் பயத்தில் இரண்டு தடவை சிரித்து வைத்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் மூச்சே வந்தது. வெளியே வந்து கை கழுவும்போது பார்த்தால், மேடையில் சின்னச் சின்னத் துண்டுகளைச் சுருட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். அதை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"எடுக்கலாம். ஆனா ஒண்ணு மட்டும்" என்றான் அவன் மறுநாள். "துடைச்சிட்டுக் கீழ இருக்கற கூடையில போடு. வரும்போது மேடையில சொட்டின தண்ணியையும் அதாலயே துடைச்சிடு. காசு கொடுத்துத் தங்கறவங்க யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. நீ செஞ்சா, உள்ள வேலை பாக்கற அம்மா உன்னை மறக்க மாட்டாங்க."

உண்மைதான். கழிப்பறையைப் பார்த்துக்கொண்ட அக்கா பத்தாம் நாளே கேட்டுவிட்டாள்: "நீ ரூம் எடுத்தவ இல்லதானே?"

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எப்படிக்கா தெரியும்?"

"ரூம் எடுத்தவங்க குழாயைச் சரியா மூடமாட்டாங்க" என்று சிரித்தாள் அக்கா. "பயப்படாதே. வா, போ. ரிசப்ஷன்ல இருக்கற பிள்ளைங்ககிட்ட மட்டும் பேச்சு வச்சுக்காதே."

கழிப்பறைக்காகப் போனவள், கொஞ்ச நாளில் லாபியில் உட்காரவும் தொடங்கினாள். தூண் மறைவில் ஒற்றை நாற்காலி ஒன்று இருந்தது. அவனுக்கும் அங்கே அதே நேரத்தில்தான் முதல் இடைவேளை. சாமான் ஏற்றும் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் கூப்பிடுவான். அவள் தூணுக்குப் பின்னால் இருந்து பேசுவாள்.

வீட்டில் பேச முடியாது. ஒரே ஒரு படுக்கையறை, அதில் மூத்தாரும் ஓரகத்தியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும். கூடத்தில் மாமியார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள வழியில் இவளுடைய பாய். போன் அடித்தால், "யாரு, சின்னவனா? இங்க கொடு" என்று மாமியார் வாங்கிக்கொள்வார். அவர் பேசி முடித்து, மூத்தார் பேசி, பிள்ளைகள் பேசி, கடைசியில் இவள் கைக்கு வரும்போது "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சாது.

ஆகையால் அவர்களுடைய குடித்தனம் அந்த ஓட்டலில்தான் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை. தினம் இருபது நிமிஷம். அவள் அன்றைக்குப் பார்த்த கைகளைப் பற்றிச் சொல்வாள். அவன் அன்றைக்குத் திறந்த அறைகளைப் பற்றிச் சொல்வான். யாரோ ஒருவர் தலையணைக்கு அடியில் பல்செட்டை விட்டுவிட்டுப் போனதைச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். சில நாள் பேச எதுவும் இருக்காது. "இரு, வைக்காதே" என்பான். அவன் மூச்சு விடுவதை இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நாற்காலி எப்படி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டான்.

"மெத்துனு இருக்கு. ஏன்?"

"இங்க லாபி நாற்காலிகளை நான் தினமும் துடைக்கறேன். உக்காந்ததே இல்ல. வேலைக்காரங்க உக்காரக் கூடாது. நல்லா சாஞ்சு உக்காரு."

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு புது மேனேஜர் ஒருவர் வந்தார். இறுக்கமான கோட்டு, நெருக்கமான புருவம். மூன்று நாள் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தார். நாலாம் நாள் நேரே வந்து நின்றார். அவள் போனில் இருந்தாள்.

"மேடம், எந்த ரூம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரூம் இல்ல சார். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். அவரோட பேசிட்டுப் போயிடுவேன்."

"பையில என்ன?"

"ரத்தம் சார்."

மேனேஜர் ஓரடி பின்னால் போனார். "என்னது?"

"பயப்படாதீங்க, பதினோரு பேரோட ரத்தம்தான். மூடி போட்டிருக்கு. லேப்ல வேலை பாக்கறேன்."

பதினோரு பேர் என்று கேட்டதும் அவர் முகம் இன்னும் வெளுத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இது விருந்தினர்கள் உட்காருகிற இடம், இங்கே இதையெல்லாம் கொண்டுவரக் கூடாது, தயவுசெய்து எழுந்திருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அவளை அதிகம் சுட்டது. எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி வெளியே வந்தாள். போன் காதிலேயே இருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் தெருவில் நின்றுகொண்டு.

"கேட்டேன். அவர் சொன்னது தப்பில்லம்மா. ரத்தப் பெட்டியை லாபியில வைக்கலாமா? நான் அங்க இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றான்.

"அப்ப நீங்களும் என்னை எழுப்பி வெளிய அனுப்பியிருப்பீங்க."

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மடியில் அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் எடுத்தபோது லாரிச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்த வேண்டியிருந்தது. கத்திச் சொல்லக்கூடிய விஷயம் எதுவுமே தங்களுக்குள் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே லேபில் கெஞ்சி, எடுத்த ரத்தத்தை வாங்கிப்போகப் பைக்கில் வருகிறவர் இனி எட்டரை மணிக்கே வரும்படி ஏற்பாடு செய்தாள். மறுநாள் வெறும் கைப்பையோடு ஓட்டலுக்குப் போய், தானே மேனேஜர் முன்னால் நின்றாள். "பெட்டி இல்ல சார். இருபது நிமிஷம் மட்டும்." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தூணுக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வாசல் மீசைக்காரர் அன்றைக்கு அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதுவரைக்கும் அவளே தள்ளிக்கொண்டுதான் போவாள்.

வெளிநாடு போய் மூன்று வருஷமும் நாலு மாதமும் கழித்து அவன் லீவில் வந்தான். இருபத்தொரு நாள். வந்த நாள்முதல் வீடு கொள்ளாத கூட்டம். அத்தை வந்தார், சித்தப்பா வந்தார், யாரென்றே தெரியாத ஒருவர் வந்து ஒரு வாரம் தங்கினார். ஒன்பது நாளாகியும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. பத்தாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "நீங்களும் வாங்க" என்றாள்.

"ஊசி போடவா?"

"வாங்கன்னா வாங்க."

ஒன்பது மணிக்கு ஓட்டலுக்கு வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கூடவே நடந்து வந்தவனைத் திடீரென்று காணோம். திரும்பிப் பார்த்தால், சுவரை ஒட்டிப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தான். வேலையாட்கள் போகிற வாசலுக்கு.

"எங்க போறீங்க? இந்தப் பக்கம்!"

அவன் அசடு வழியத் திரும்பி வந்தான். "கால் தானா போயிடுச்சு."

தூணுக்குப் பின்னால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவ்வளவு நாளாக எதற்கு ஏங்கினாளோ அது பக்கத்தில் இருந்தது. பேச்சுதான் வரவில்லை. அவன் நுனியில் உட்கார்ந்து முழங்காலில் கையை வைத்துக்கொண்டிருந்தான். முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. போனில் அது தெரிந்ததே இல்லை. அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். எத்தனையோ கைகளைத் தொட்டவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, இந்தக் கையில் நரம்பு எங்கே என்று தேடத்தான் வேண்டியிருந்தது.

அப்போது லிஃப்ட் பக்கம் யாரோ தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். குழந்தை ஒன்று அந்த ஈரத்தை நோக்கி ஓடி வந்தது. அவன் கையை உருவிக்கொண்டு எழுந்தான். குழந்தையைத் தடுத்து, மூலையில் சாத்தியிருந்த, தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையை எடுத்து ஈரத்தின் நடுவே விரித்து வைத்தான். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நம்ம தொழிலா?"

நின்றபடியே இருவரும் பேசினார்கள். எந்த ஓட்டல், எத்தனை அறை, எத்தனை வருஷம். கடைசியில் மேனேஜர் சொன்னார்: "இங்க ஹவுஸ் கீப்பிங்ல ஒரு இடம் காலியா இருக்கு. எனக்கு விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும். எப்ப சேர முடியும்?"

அவளுக்குக் காது அடைத்துப்போயிற்று. இதே கட்டடத்தில். தினமும்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் சார் லீவு கொடுத்தாங்க."

அவளிடம் அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

லாபியில் குரல் உயர்த்தக் கூடாது, அழக் கூடாது. யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு அது தெரிந்திருந்தது. எழுந்து, வேகமாகவும் இல்லாமல் தயங்கியும் நிற்காமல், கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அக்கா என்ன ஏதென்று கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். அது நனைந்ததும் இன்னொன்று கொடுத்தாள்.

வெளியே வந்தபோது அவன் கதவருகில் நின்றிருந்தான்.

"வராம இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருக்க வேண்டாம்" என்றான். "உன்னைப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான் போட்டுட்டேன்."

அவனைத் திட்ட அவள் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். மணியைப் பார்த்தாள். "வாங்க, காலையில ரத்தம் எடுத்த பெரியவர் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

லீவு முடிந்து அவன் போய்விட்டான். மேனேஜர் சொன்ன அந்த வேலைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். நெட்டையான ஆள், சட்டைக் கை எட்டாமல் மணிக்கட்டு தெரியும். தினமும் லாபி வழியாகத் துண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். அவரைப் பற்றி விசாரிக்காமல் அவள் கணவன் ஒருநாளும் போனை வைத்ததில்லை.

"இன்னிக்கு எப்படி?"

"வண்டிச் சக்கரம் கீச்சுகீச்சுன்னு கத்துது."

"எண்ணெய் போடச் சொல்லேன்."

"நான் யாருங்க சொல்றதுக்கு?"

அவன் சிரித்தான். சிரிப்பு நின்றதும், தெரிந்திருந்தும் கேட்டான்: "இன்னும் எத்தனை மாசம்?"

"இருபத்தொண்ணு."

அவனுடைய இடைவேளை முடிந்துவிட்டது. வேலை நேரத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே கண்டிப்பு. அன்றைக்கு அவன் வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். அவளுக்குத் துணி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவை இரண்டு தடவை தட்டி, அவள் இதுவரை கேட்டிராத பணிவான குரலில், "ஹவுஸ் கீப்பிங்" என்றான். உள்ளேயிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. கதவு திறந்தது. விரிப்பை உதறுகிற சத்தம், ஜன்னல் திரையை இழுக்கிற சத்தம், அவன் மெல்ல இருமுகிற சத்தம். எங்கேயோ இருக்கிற ஒரு காலி அறையில் அவன் படுக்கை விரித்துக்கொண்டிருப்பதை, எழுந்து போக வேண்டிய நேரம் வரும்வரை, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.