ராணியின் வலது காது

செலின் போன செய்தி வந்தபோது நான் ஒரு நாயை உலர்த்திக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, டோல்கேட்டில் எங்கள் கடையில் நல்ல கூட்டம். புளோயர் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. அணைத்துவிட்டுப் பார்த்தால் அவள் கணவர் அந்தோணி பலமுறை கூப்பிட்டிருந்தார். பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் காபி கேட்டிருக்கிறாள். காபி வருவதற்குள் முடிந்துவிட்டது. “அவ்ளோதான் கலா, பூட்டா,” என்றார். சரி என்றேன். புளோயரை மறுபடி போட்டு அந்த நாயை வயிற்றடி வரை உலர்த்தி முடித்தேன். பாதி ஈரத்தோடு எந்த நாயையும் அனுப்பக் கூடாது என்பது கடைச் சட்டம். அதைப் போட்டவளே அவள்தான். அப்புறம்தான் ஷட்டரை இறக்கினேன்.

அடக்கத்தில் நான் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ராயபுரத்து உறவுக்காரி ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒன்பது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் நாங்கள். குளிப்பாட்டுவதும் உலர்த்துவதும் என் வேலை, முடி திருத்துவது அவள் வேலை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன், இதுவரை வரவில்லை. அவளை நம்பி நாயைக் கொண்டுவந்து விட்ட உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை.

உங்களில் பலர் கடை வாசலில் போசனையும் ராணியையும் பார்த்துக் கன்றுக்குட்டியோ என்று நின்றிருப்பீர்கள். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர், நாங்கள் கேப்டன் என்போம், ஏதோ ஆசையில் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த நியூஃபவுண்ட்லாந்து நாய் ஜோடி. குளிர்க்கடலில் நீந்துவதற்கென்றே பிறந்த சாதி, ராயபுரத்தில் ஏசி அறையில் காலம் தள்ளுகிறது. ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தங்கை. போசன் முழுக் கறுப்பு. மேல்முடி நீளமாக, எண்ணெய் தடவியதுபோல இருக்கும், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் லேசில் உள்ளே இறங்காது. ராணி வெள்ளையில் கறுப்புத் திட்டு, முடி படிந்தே கிடக்கும். கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு அது மாறிப்போனது. பஞ்சுபோலப் புசுபுசுவென்று வளர்ந்து ரோட்டிலுள்ள லாரித் தூசி அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டது. காதிலும் உச்சந்தலையிலும் அது தாறுமாறாக நின்றதில் முகமே வேறு நாயின் முகமாகிவிட்டது. “அண்ணங்காரனுக்குப் பழைய முடி தானா வுழுது. இதுக்கு வுழாது, நாமதான் எடுக்கணும்,” என்றாள் செலின்.

சைக்கிள் டியூபைச் சின்னச் சின்ன வளையமாக வெட்டி, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாட்டிக்கொள்வாள். ரப்பர் பிடிப்பில் செத்த முடி வழுக்காமல் வரும். நாலைந்து இழையாக அவள் உருவ உருவ, ராணி தூங்கிவிடும். பல் வைத்த கத்தரி காது ஓரத்துக்கு மட்டும்தான், உச்சந்தலைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே மாட்டாள். “கத்திரி போட்டா படிக்கட்டு மாரி தெரியும்மே. கைல எட்த்தா, எட்த்ததே தெரியாது.” முழுத் தலையையும் ஒரே நாளில் செய்யவும் மாட்டாள். சனிக்கிழமை இடது பக்கம், செவ்வாய்க்கிழமை வலது பக்கம். நாயின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு என்பாள். நடுவில் ராணி பாதித் தலையோடு தெருவில் திரியும். கேப்டனுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கத்திரி வெயிலில் அவள் ஒரு கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தாள். மூச்சு இரைத்த ராணியோடு கேப்டன் வந்தார், மொட்டை அடித்துவிடச் சொன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோடை வந்தால் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவுகிற வியாசர்பாடித் தெருவில் வளர்ந்தவள் நான். மெஷினை எடுத்துத் தலையிலிருந்து வால் வரை வழித்தேன். முடித்துவிட்டு உச்சந்தலையில் சந்தனமும் குழைத்துப் பூசினேன். சத்தியமாகப் பூசினேன்.

ஊரிலிருந்து வந்த செலின் ராணியைப் பார்த்து, “இன்னாமே, முருகனுக்கு நேந்துகினியா?” என்று சிரித்தாள். அப்புறம் அதன் முதுகைத் தடவினாள், சிரிப்பு நின்றுவிட்டது. மேல்முடிதான் அதற்குக் குடை, அடிமுடிதான் வெக்கையை உள்ளே விடாமல் தடுப்பது, இரண்டையும் எடுத்தால் வெயில் நேராகத் தோலில் விழும் என்றாள். அப்படியேதான் நடந்தது. முதுகு கொப்பளித்தது. பஞ்சு முடி சீக்கிரமே வந்துவிட்டது, நீள முடி வர ஒன்றரை வருடம் ஆனது. கேட்டது தான்தான் என்பதையே மறந்து கேப்டன் கடைக்கு வந்து கத்தியபோது செலின் குறுக்கே வந்து நின்றாள். “நான்தான் மொட்ட அடிக்கச் சொல்ட்டுப் போனேன் சார். என் தப்பு.”

அவள் அப்படி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதைப் பற்றி அப்புறம் என்னிடம் பேசவும் இல்லை. நானும் ஒரு நன்றி சொல்லவில்லை. ஆனால் ராணி வரும்போதெல்லாம் ரப்பர் வளையங்களை என் பக்கம் நீட்டி, “தலைய நீ எடேன்,” என்பாள். துண்டு துவைக்க வேண்டும் என்று நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு வருடமும் துண்டுதான் துவைத்தேன்.

அவள் போனது ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள்தான் ராணிக்கு இடது பக்கம் முடித்திருந்தாள்.

பத்து நாள் கழித்து, பாதித் தலையோடு இருந்த ராணியை அழைத்துக்கொண்டு கேப்டன் வந்தார். வேறு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். “மெஷின் போட்டு ஒரே அளவா வுட்டுடலாம்னாங்க. வேணான்னு இட்டாந்துட்டேன். நீயே எட்த்துடும்மா,” என்றார். நான் முடியாது என்றால் அடுத்த கடையில் வழித்துவிடுவார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குத் துவைக்கத் துண்டும் இல்லை.

வளையங்கள் அவள் விரலுக்கு வெட்டியவை, எனக்குத் தொளதொளவென்றிருந்தன. நூல் சுற்றி இறுக்கிக்கொண்டேன். மேசையில் ஏறிய ராணியை எப்படித் திருப்புவது என்று யோசித்து நின்றேன். அது தானாகவே இடது கன்னத்தை மேசையில் சாய்த்து, வலது காதை எனக்குக் காட்டிப் படுத்துக்கொண்டது. இடது பக்கம் முடிந்தது, அடுத்தது இதுதான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அவள் இல்லை என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு கையை அடியில் கொடுத்து அவள் முடித்த பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, மறு கையால் உருவினேன். ராணி தூங்கவில்லை, ஆனால் எழவும் இல்லை. பொறுமை இழந்து ஓரிடத்தில் கத்தரி வைத்துவிட்டேன், காதுக்கு மேலே ஒரு படிக்கட்டு தெரிகிறது. கேப்டன் பார்த்தார். அடுத்து எப்போது கொண்டுவரட்டும் என்று மட்டும் கேட்டார். ஆறு வாரம் என்றேன்.

செலினின் கைவேலை என்று இப்போது மிச்சமிருப்பது ராணியின் தலையில் இடது பக்கம் மட்டும்தான். பஞ்சு முடி அதையும் மூடிக்கொண்டு வருகிறது. இந்த வாரத்தோடு ஆறு வாரம் முடிகிறது, சனிக்கிழமை ராணி வரும். இடது பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அவள் கை பட்ட இடத்தின் மேல் என் கையை வைத்து.