கழுதையின் வால்

முதலில் காணாமல் போனது ஒரு கழுதையின் வால். அது போனதே எனக்குத் தெரியாது.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் மாந்தோப்பு வீட்டில், ஓணம் முடிந்ததும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளுக்கான பென்சில் வரைவுகளைத் தொடங்கிவிடுவேன். கான்வென்ட் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தபோது பிடித்த பழக்கம். வேலையை விட்ட பிறகும் அது என்னை விடவில்லை. தொழுவத்தில் குழந்தை பிறந்த கதையில், அங்கே முதலில் குடியிருந்தவை மாடும் கழுதையும்தானே என்பது என் கட்சி. அதனால் என் அட்டைகளில் விலங்குகள் மட்டும்தான். வரைவது மாந்தோப்புக்காரி, விற்பது பாலக்காட்டு ராவுத்தர் கடை, வாங்குவது மாதா கோயில்காரர்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அட்டைத் தாளை விரித்து வைத்தால் வலப்பாதி முகப்பு, இடப்பாதி முதுகு. என் விலங்குகள் மடிப்பைத் தாண்டி நிற்கும். முகப்பில் தலை இருக்கும், முதுகில் வால் இருக்கும். அட்டையைத் திருப்பி வாலைக் கண்டுபிடிப்பது வாங்குகிற வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு.

சென்ற ஆண்டு வரைவுகளில் வால் இல்லை. கழுதை, பசு, ஆடு எல்லாமே மடிப்புக் கோட்டோடு நின்றுபோயின. தாளை மடித்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. இந்த வருடம் முதுகை வெறுமையாக விடப்போகிறாள் போல என்று அவர் நினைத்திருக்கிறார். என் படங்களைப் பற்றிக் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. பேசாமல் மடித்தார். என் தட்டில் இடப்பக்கத்துப் பொரியல் அப்படியே மிஞ்சியது. பிடிக்கவில்லை போல என்றிருந்தார். இடது தோள் கதவு நிலையில் இடித்துக் கன்றிப்போனது. வயதாகிறது என்று நானே சிரித்துக்கொண்டேன். இப்படி ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் ஒரு கிடாயின் முகத்தை நேருக்கு நேராக வரைந்தேன். தோப்பில் ஆடு வளர்க்கிற என் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"கண்ணு, இந்தக் கெடாய்க்கு ஒத்தக் கொம்பு, ஒத்தக் கண்ணுதான இருக்குது?"

"ரெண்டும் இருக்குதுங்க. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

நான் விளையாடவில்லை. எனக்கு அது முழு முகமாகத்தான் இருந்தது. அவர் கார் சாவியை எடுத்தார்.

பாலக்காட்டில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றே கோயம்புத்தூர் போகச் சொன்னார்கள். வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது, ரோட்டில் ஒரு லாரிகூட இல்லை, நம் நல்ல நேரம் என்று நான் சொன்னேனாம். இடப்பக்கம் லாரிகள் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. அப்போதுதான் தனக்கு அழுகை வந்தது என்று பிற்பாடு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் எடுக்கும் மூளைப் படம்) பார்த்து விளக்கினார். எனக்கு வந்திருந்தது ஸ்ட்ரோக் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் தடைபடுவது). அடைப்பு மூளையின் வலப்பக்கத்தில். அதன் விளைவு நெக்லெக்ட் (பார்வை இருந்தும் மூளை ஒரு பக்கத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது).

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துபோச்சு. அதனால, அங்க ஏதோ விட்டுப்போச்சுன்னும் உங்களுக்குத் தெரியாது" என்றார்.

மறுபடி ஒரு விலங்கை முழுதாக வரைவேனா என்று கேட்டேன். பலர் சில மாதங்களில் தேறிவிடுவார்கள், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், இப்போதே உறுதி சொல்ல முடியாது என்றார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யார் தட்டிலாவது ஒரு பக்கம் மட்டும் சோறு மிஞ்சினால், பிடிக்கவில்லை போல என்று இருந்துவிடாதீர்கள். அன்றே கிளம்புங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் பயிற்சி) தொடங்கியது. அட்டை கட்டும் சிவப்பு ரிப்பனையே தாளின் இடது ஓரத்தில் ஒட்ட வேண்டும். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். பட்ட பிறகுதான் பென்சிலைத் தாளில் வைக்க வேண்டும். இல்லாத ஊருக்குப் போகாத வழி கேட்பது போலிருந்தது எனக்கு. கோபத்தில் பென்சிலை எறிவேன். அது இடப்பக்கம் உருண்டுவிட்டால் அப்படி ஒரு பென்சில் உலகத்திலேயே கிடையாது.

ராவுத்தர் அண்ணன் ஒருநாள் பார்க்க வந்தார். கடையில் என் அட்டைகள் நிற்கும் அலமாரித் தட்டில் வேறு எதையும் வைக்காமல் விட்டிருந்தார். காத்திருக்க வேண்டாம், அச்சடித்த அட்டைகளை வாங்கி வையுங்கள் என்றேன்.

"டீச்சரே, அது உங்க எடம். காலியாக் கெடந்தாலும் உங்க எடந்தான்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்; வலப்பக்கம்தான்.

நவம்பரில் ஒரு காலை, பயிற்சிக்காக வழக்கம்போல அந்தப் பழைய வரைவுகளையே என் வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்தார். கழுதைத் தாளில் ரிப்பனைத் தேடிக் கழுத்தை மெல்லத் திருப்பினேன். சிவப்பு தெரிந்தது. சிவப்புக்கு இப்பால், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வால் தெரிந்தது. நீல பால்பாயிண்ட் பேனாவில், தென்னந்துடைப்பம் மாதிரி ஒரு வால். என் கை அப்படி ஒரு கோட்டை என்றைக்கும் போட்டதில்லை.

"ஏனுங்க, இது யாரு வரைஞ்சது?"

அவர் கையிலிருந்த தீவனக் கூடையைக் கீழே வைத்தார்.

"நாந்தான் கண்ணு. நீ ஆசுபத்திரியில கெடந்தப்பவே போட்டுட்டேன். ரெண்டு மாசமா அங்கியேதான் இருக்குது."

எல்லாத் தாள்களையும் புரட்டினேன். பசுவுக்கு வால் இருந்தது. ஆட்டுக்கு இருந்தது, இத்தனை வருடம் ஆடு வளர்த்தவர் ஆட்டுக்குப் போட்ட வால் தரையைத் தொட்டது. கிடாய்க்கு இன்னொரு கொம்பும் கண்ணும் முளைத்திருந்தன. தினமும் இந்தத் தாள்களை என் முன் அவர்தான் எடுத்து வைத்தார். தினமும் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். ஒருநாள்கூட அவர் வாய் திறந்து கேட்டதில்லை. அன்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த ஒன்பது நாளுக்காக அவர் என்னிடம் மன்னிப்பே கேட்டதில்லை. இனிக் கேட்கவும் வேண்டியதில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கழுதை மட்டும் போயிற்று. தலை என்னுடையது, வால் அவருடையது. ராவுத்தர் கடையில் அந்தத் தட்டு நிறையவில்லை, காலியாகவும் இல்லை.

ஓர் ஆண்டு ஆகிறது. என் இடப்பக்கம் இன்னும் ஒரு நொடி தாமதமாகத்தான் என்னிடம் வந்து சேருகிறது. முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்கத் தெரியாதவள் நான். இப்போது கதவு நிலையிலும், சாப்பாட்டுத் தட்டிலும், தாளிலும் அந்த ஒரு நொடி நின்று, வரட்டும் என்று பார்க்கிறேன். அது வரும்போதெல்லாம் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

தோப்பில் மாம்பூ எடுக்கத் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு எந்த விலங்கையும் என்னால் முழுதாக வரைய முடிகிறது. ஆனாலும் இடப்பாதியை வெறுமையாக விட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நான் வரையும்போது அவர் என் இடப்பக்கம்தான் உட்காருகிறார். திரும்பினால் தெரிகிறார்.