அத்தான் அசைந்த படம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் வேலூரில் போட்டோகிராபி கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொண்டிருந்தேன் என்பது மாஸ்டரின் அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தில் எல்லாம் கற்று முடித்தாகிவிட்டது, உலகம் கண்டுகொள்வதுதான் பாக்கி. வகுப்பில் ஐந்து பேர். "மனுஷனை நிறுத்திவைத்துப் பிடிப்பதெல்லாம் கடைக்காரன் வேலை, நமக்குக் கலை" என்று மற்ற நால்வருக்கும் தினமும் உபதேசம் செய்வேன். அதுவரை நான் எடுத்ததில் உருப்படியாக வந்தது எங்கள் வீட்டு எருமை ஒன்றுதான். அதுவும் கட்டிப்போட்டிருந்ததால் வந்தது.

சிற்பமும் கட்டடமும் பார்த்துப் பழக மாஸ்டர் எங்களைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். படம் பதியும் கண்ணாடித் தகடு கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. ஆளுக்கு இரண்டே தகடு. ஒரு மரச்சட்டத்தில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. மூடியின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் தகடு புதிது. படம் எடுத்தவுடன் மூடியைத் திருப்பிச் செருகிவிட வேண்டும். கறுப்பு தெரிந்தால் அந்தத் தகடு முடிந்தது என்று அர்த்தம்.

தங்கியது அல்சூரில் என் அத்தை வீட்டில். அத்தைக்கு ஒரே பிள்ளை, பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். திங்கட்கிழமை அவனைக் கப்பலேற்ற அனுப்புகிறார்கள். எந்தத் தேசத்துக்கு என்று அவனுக்கே தெரியாது.

சனிக்கிழமை உள்ளே நுழைந்ததும் அத்தை என் பெட்டியைத்தான் பார்த்தாள். "ஏம்பா, எம்புள்ளையையும் என்னையும் சேத்து ஒரு படம் புடிச்சுக் குடு. அவன் போயிட்டா மூஞ்சியப் பாக்க எனக்கு ஒண்ணுமே இல்ல."

"அத்தே, இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு நாங்க ரயிலுக்குப் போறதுக்கு முந்தி எடுத்துடறேன்" என்றேன். நண்பர்கள் நால்வரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைக்காரன் ஆகிவிட்டேனாம்.

முதல் தகடு மியூசியத்தில் ஒரு வீரக்கல்லுக்குப் போயிற்று. இரண்டாவது அத்தைக்கு. அது நிச்சயம். ஆனால் ஞாயிறு காலை லால்பாகில் அந்தக் கண்ணாடி மாளிகையைப் பார்த்தேனே! இடது பக்கம் பெரிய மரம், அதன் இருட்டு. வலது பக்கம் கண்ணாடியும் வானமும் கண்ணைக் கூசவைத்தன. கீழே புல்தரை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன் அத்தையை மறந்தேன் என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்துதான் எடுத்தேன். துணியை விட்டு வெளியே வந்து மூடியைக் கறுப்பாகத் திருப்பிச் செருகினேன். நண்பர்களிடமும் தகடு இல்லை. இருந்திருந்தாலும் அவர்களிடம் போய்க் கேட்கிற மூஞ்சியா இது?

வீட்டுக்கு வந்தால் அத்தை கல்யாணப் புடவையில் வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் அத்தான், காக்கி உடுப்பு, பளபளக்கும் பூட்ஸ். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டத்தைச் செருகினேன். மூடியில் கறுப்பு என்னையே பார்த்தது. பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று மூடியையும் உருவினேன். ஊருக்குப் போய், தகடு வழியில் உடைந்துவிட்டது என்று ஒரு கார்டு போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

"கொஞ்சம் சிரிங்க அத்தே. அத்தான், அசையாதீங்க!"

அத்தான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றான்.

வேலூரில் எல்லாத் தகடுகளையும் மாஸ்டரே கழுவினார். எனது இரண்டாவது தகட்டின் பிரதியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "யாருடா இது, மரத்துக்குள்ள ஒரு அம்மா?" லால்பாக் படத்தின் மேலேயே வீட்டு வாசல் படமும் விழுந்திருந்தது. மரத்தின் இருட்டு விழுந்த இடத்தில் அத்தை சுத்தமாகப் பதிந்திருந்தாள், காதுத்தோடு வரைக்கும். அத்தான் நின்றது வானம் ஏற்கெனவே தின்றுவிட்ட இடம். புல்தரையின் மேல் இரண்டு பூட்ஸ். அதற்கு மேலே வெறும் வெள்ளை.

"வேண்டுமென்றே செய்த பரிசோதனை, சார்" என்றேன். மாஸ்டர் அடுத்தவன் தகட்டை எடுத்தார்.

கார்டு போட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அத்தை முகம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அடுத்த மாதம் அதை எடுத்துக்கொண்டு நேரே அல்சூர் போனேன், பாராட்டு வாங்க. அத்தை படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புள்ள எங்கடா?"

"அத்தான் அசைஞ்சுட்டாரு அத்தே. அசைஞ்சா விழாது."

அவ்வளவு சரளமாக வந்தது.

"அவன் அப்படித்தான், சின்னதுலருந்தே ஒரு எடத்துல நிக்கமாட்டான்" என்றாள் அத்தை. அழவில்லை. பூட்ஸை மட்டும் விரலால் தடவினாள்.

பொங்கலுக்குப் போனபோது பட்டாளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாததால் பிரிக்காமல் வைத்திருந்தாள். நான் படித்தேன். சாப்பாடு, வெயில், மணல். அப்புறம்: "நான் அசைந்ததால் போட்டோவில் விழவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எழுதியிருந்தாய். அம்மா, நான் அசையாமல்தான் நின்றதாக நினைத்தேன். எனக்குத் தெரியாமல் அசைந்திருப்பேன். என் மேல்தான் தப்பு. மன்னித்துக்கொள்."

"பாத்தியா, ஒத்துக்கினான்" என்றாள் அத்தை, சந்தோஷமாக. "அந்த எடத்த இன்னொரு தபா படி."

படித்தேன்.