கதாநாயகனின் நண்பன்

மெல்பர்ன் புறநகரான ரோவில்லில் நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் சில வருடங்கள் ஓர் அமெரிக்கப் பாடகர் இருந்தார். நடிகரும்கூட. 'ர்' போடுவது பழக்கதோஷம், மரியாதை அல்ல.

அவருடைய வரலாறு எனக்கு மனப்பாடம். காலையில் யார் குளிப்பாட்டினாலும் அதைச் சொல்வார். நியூயார்க் இரவு விடுதிகளில் பாடியது, ஹாலிவுட்டிலிருந்து ஆள் தேடி வந்தது, இசைத்தட்டுகள் விற்றுத் தீர்ந்தது. ஒரு படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். கதாநாயகனின் நண்பனாக வருகிறார். குதிரைமேல் உட்கார்ந்து ஒரு பாட்டு. அடுத்த காட்சியில் சுடப்பட்டுச் சாகிறார். மற்றப் படங்களிலும் ஏறக்குறைய அதே வேலைதானாம். பாட்டின் மோஸ்தர் மாறியதும் அங்கே அவரைச் சீந்துவார் இல்லை. சிட்னி கிளப்புகளில் பாட வந்தார். இங்கே இன்னும் கைதட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் தங்கிவிட்டார். மெல்பர்ன் பெண் ஒருத்தி மூன்றாவது மனைவியானாள். அவர் சொல்லும் கதையில் பாட்டு எழுதியவன் கிடையாது, இசையமைத்தவன் கிடையாது, பிள்ளையைத் தனியாக வளர்த்த அந்த மனைவியும் கிடையாது.

என்னோடு வேலை செய்தவர் படகில் வந்த யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது தாண்டிய அந்த மனிதரைக் கிழவர் விரலைச் சொடுக்கி "பையா" என்றுதான் கூப்பிடுவார்.

கிழவரின் பிறந்தநாளுக்கு இல்லத்துக் கூடத்தில் கச்சேரி வைத்தோம். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்திருந்தார்கள். அந்த மூன்றாவது மனைவி வளர்த்த மகள், இப்போது அறுபதை நெருங்குபவர், முன்வரிசையில் இருந்தார்.

பாதிப் பாட்டில் கிழவருக்கு வரி மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றார். மகள் எழுந்து அடுத்த வரியைப் பாடினார். அப்படியொரு குரல். கூடமே அவர் பக்கம் திரும்பியது.

"நிறுத்து," என்றார் கிழவர், மைக்கிலேயே. "உன்னைப் பார்க்க இங்கே யாரும் வரவில்லை."

மகள் உட்கார்ந்துவிட்டார். கிழவர் வார்த்தைகளை மென்று விழுங்கி எப்படியோ முடித்தார். கைதட்டினார்கள். மனிதர்கள் எதற்கும் கைதட்டுவார்கள்.

நான் தேநீர் கொண்டுபோனபோது மகள் கிளம்பிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மா தன்னைப் பாட்டு வகுப்பில் சேர்த்ததாகவும், சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பிய அப்பா ஒரு வீட்டுக்கு ஒரு குரல் போதும் என்று நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அழவில்லை.

"இத்தனை வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகளை இவருக்குக் கொடுத்தேன். இனி வரமாட்டேன்."

வரவில்லை. கிழவர் ஒரு தடவைகூட மகளைப் பற்றிக் கேட்கவில்லை. பத்திரிகையில் படம் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது, பூசணிக்காய்ப் போட்டிச் செய்திக்குக் கீழே. பெயரில் எழுத்துப்பிழை என்று ஒரு வாரம் கத்தினார்.

குளிர்காலத்தில் செத்துப்போனார். சாமான்களை எடுக்க வந்த மகள் அறையில் அம்மாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தேடினார். இல்லை. வேறு எதையும் தொடாமல் போய்விட்டார். சுவர் நிறையக் கிழவரின் முகங்கள் மிஞ்சின.

"இதுகளை என்ன செய்யிறது, அக்கா?" என்று யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார்.

மறுசுழற்சித் தொட்டியில் போடச் சொன்னேன்.

"எல்லாம் லேமினேட் பண்ணினது. எடுக்க மாட்டினம்."

"அப்ப குப்பையிலயே போட்டுடுங்க."

சுருட்டித் திணித்தார். மூடி பொருந்தவில்லை. நான் இரண்டு கையாலும் அமுக்கி மூடினேன்.