பட்டியலில் இருந்தது என் டிரைவர்

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அட்டை வெட்டும் மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் ஒரு வாரமாக அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுகொண்டிருந்தது. அதில் உட்காருபவர் வீராம்பட்டினத்திலிருந்து வரும் ஓர் அக்கா. பேக்கிங்கில் ஆறு வருஷம் நின்று நின்று கால் வீங்கி, அப்புறம்தான் அந்த நாற்காலி கிடைத்தது அவருக்கு.

முதலாளி என்னிடம் காரணம் கேட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஃபோன சொருகி சார்ஜ் போடறாங்க சார், அதான்," என்று சொல்லிவிட்டேன்.

"ஒரு நாள்தான் சார் போட்டேன்," என்றார் அக்கா. மறுநாளே அவரைப் பேக்கிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று மதியம், முதலாளி வெளியே போயிருந்தபோது, அக்கா இல்லாமலே மெஷின் நின்றது. அதற்குப் பிறகுதான் இந்த ஐயாவுக்கு வேலை செய்யத் தோன்றியது. நிற்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தை ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். அதைத் திறந்தால், சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் எந்த டிரைவர், அதாவது கருவிகளை இயக்கும் குட்டி புரோகிராம், எந்த முகவரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று பட்டியல் வரும். கோளாறு நடந்த முகவரி யாருடைய எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்தால் போதும். பத்து நிமிஷ வேலை. ஒரு வாரமாகச் சோம்பல்பட்டிருந்தேன்.

விழுந்தது என் எல்லைக்குள். வெட்டும் சாஃப்ட்வேர் ஓட, காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாக ஒரு யுஎஸ்பி சாவி செருகியிருக்க வேண்டும். போன வருஷம் அது உடைந்தபோது, சாவி இருப்பதுபோல ஏமாற்றும் திருட்டு டிரைவர் ஒன்றை யாருக்கும் சொல்லாமல் போட்டவன் நான். போன வாரம் சிஸ்டத்தை அப்டேட் செய்ததும் அது ஒத்துப்போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதை அழித்துவிட்டு, புதுச் சாவி வரவழைத்துப் போட்டேன். அதன்பின் மெஷின் நிற்கவே இல்லை.

"பாத்தியா, அந்தம்மாவ மாத்தினதும் சரியாயிடுச்சு," என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன்.

அடுத்த நாள் டீ நேரத்தில் அக்கா ஒரு குட்டி நோட்டோடு வந்தார். "நான் என்னென்ன பண்ணக்கூடாதுன்னு சொல்லுங்க சார். மறுபடி அந்த சீட்டு குடுத்தா ஒழுங்கா இருப்பேன்."

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டார்.